பத்து மணி ஊசி

காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடி மம்சாபுரம் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும், செண்பகத்தோப்பு மாந்தோப்புக்கு நடுவில் இருக்கும் அந்த ஓட்டு வீட்டில் அடுப்பு அணையும். பெரியவரின் மனைவி சோப்புப் போட்டுக் கை கழுவுவார். துடைத்து வைத்த ஸ்டூலைத் திண்ணைக்கு அருகே இழுத்துப் போடுவார். பெரியவர் வலது கைச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வாங்க சிஸ்டரம்மா. மணி ஒம்பது அம்பத்தஞ்சு. இன்னிக்கு அஞ்சு நிமிசம் முன்னாடியே வந்துட்டீங்க."

"உங்களுக்குப் பயந்துதான் அண்ணாச்சி, ஸ்கூட்டரை முறுக்கிட்டு வாரேன்."

33 நாட்கள் அந்த வீட்டில் ஊசியைச் சுற்றியே பொழுது போனது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஏற்றியிருக்க வேண்டிய மருந்து, மாமர நிழலில் ஏறியது.

எல்லாம் ஒரு முள்ளில் தொடங்கியது. பெரியவருக்கு 62 வயது. 15 வருடமாகச் சர்க்கரை நோய். தோப்பில் நடக்கும்போது கட்டைவிரலுக்கு அடியில் முள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை நோய் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். வலித்திருந்தால் அன்றே கவனித்திருப்பார்; வலி இல்லாததுதான் அவருக்கு வினையாகிவிட்டது. திண்ணையில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு மனைவிதான், "என்னங்க இது, கால்ல?" என்று கேட்டார்.

பிறகு நடந்தது பல வீடுகளில் நடப்பதுதான். பக்கத்தில் ஊசி போடுகிறவர் ஒருவரிடம் போய் ஓர் ஊசி. கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் மூன்று நாளைக்கு. வீக்கம் வடிந்ததும் நிறுத்தம். மறுபடி வீங்கியதும் வேறொரு மாத்திரை நான்கு நாளைக்கு. இப்படி இரண்டு மாதம் போனது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்தான் அந்தக் காலை உற்றுப் பார்த்தார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வந்தவர், "ஐயா, இது மாத்திரையில ஆறுற புண்ணு இல்ல. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று பிடிவாதமாக நின்றார். அவர் நிற்காமல் போயிருந்தால் பெரியவரின் பாதமே போயிருக்கும்.

மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டைவிரல் எலும்புக்குள்ளேயே கிருமி புகுந்திருந்தது. அழுகிய பகுதியை அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். எடுத்த எலும்புத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை அது. வந்த அறிக்கையில், விழுங்கும் மாத்திரை ஒன்றுக்கும் அந்தக் கிருமி அசையவில்லை. அரைகுறையாக விழுங்கிய மாத்திரைகளும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். நரம்பில் போடும் ஊசி மருந்துதான் மிச்சம். ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஆறு வாரம். மொத்தம் 42 நாள்.

மனைவி விரல் விட்டு எண்ணினார். பங்குனி போய்ச் சித்திரையும் பாதி போய்விடும். தோப்பில் சப்பட்டை காய் முற்றுகிற நேரம். வருடத்து வருமானம் அந்த ஒன்றிரண்டு மாதத்தில்தான். குத்தகைக்காரருக்குச் சொன்ன வாக்கு இருக்கிறது. காய்க்குக் காவல் இல்லாவிட்டால் மலையிலிருந்து இறங்கும் யானைகள் கிளையோடு முறித்துவிடும். அவரோ வார்டு வராந்தாவில் பாயை விரித்துப் படுத்துப் பத்து நாளாகிவிட்டது. கையில் இருந்த பணம் கரைந்து, கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது.

"இந்த ஊசியை வீட்ல வச்சுப் போட முடியாதா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். திட்டு விழும் என்றுதான் நினைத்தார்.

"போடலாமே" என்றார் டாக்டர். "ஆனா நான் கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும்."

இப்படி வீட்டுக்கு அனுப்பி நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுப்பது புதிதல்ல. 1974-லேயே அமெரிக்காவில், அடிக்கடி நுரையீரல் தொற்று வரும் பரம்பரை நோயுள்ள பிள்ளைகளுக்கு இப்படிச் செய்து, அதை மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று பல நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை. ஆனால், 'ஆஸ்பத்திரியா, வீடா?' என்ற கேள்விக்கு அதைவிடப் பழைய பதில் ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது.

1950-களில் காசநோய் என்றால் மலையோரச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. அந்த வசதி ஏழைகளுக்கு எங்கே கிடைக்கும்? 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம். மறு பாதிக்குச் சென்னையின் நெருக்கடியான வீடுகள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடத்துக்கு. 1959-ல் முடிவு வெளியானது. நெருக்கடியான வீட்டில், சுமாரான சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. வீட்டில் இருந்தவர்களை மையம் அப்படியே விட்டுவிடவில்லை. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். உண்மையிலேயே விழுங்கினார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். கட்டில் வீட்டுக்குப் போனபோது, கவனிப்பும் கூடவே போனது. அது போகாத இடத்தில் வீட்டு வைத்தியம் வெறும் கைவிடல்தான்.

மதுரை டாக்டர் கேட்ட கேள்விகளும் அதைச் சுற்றியே இருந்தன. வீட்டில் குழாய்த் தண்ணீர் உண்டா? செல்போன் சிக்னல் எடுக்குமா? பக்கத்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம்? ராத்திரி வண்டி கிடைக்குமா? தினமும் வந்து ஊசி போட, படித்த செவிலியர் இருக்கிறாரா? வீட்டில் கூட இருப்பது யார்?

சிக்னல் வீட்டுக்குள் எடுக்காது, கிணற்று மேட்டில் எடுக்கும் என்றார் பெரியவர். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனை அரை மணி தூரம். மம்சாபுரத்தில் ஒரு செவிலியர் இருக்கிறார். பெரிய மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்தவர். டாக்டர் அவரிடமே போனில் பேசினார். மருந்தை எப்படிக் கலப்பீர்கள், எவ்வளவு நேரத்தில் ஏற்றுவீர்கள் என்று பரீட்சை வைத்த மாதிரி கேட்டார். திருப்தியான பிறகுதான் சம்மதித்தார்.

இன்னொன்றும் சொன்னார். "எல்லாருக்கும் ஊசிதான் வேணும்னு இல்லம்மா. இங்கிலாந்துல ஆயிரத்துச் சொச்சம் பேரை வச்சுப் பாத்து, 2019-ல முடிவை வெளியிட்டாங்க. எலும்புத் தொற்றுல முதல் ஆறு வாரத்துக்கு மாத்திரையும் ஊசிக்கு இளைச்சது இல்லைன்னு வந்துச்சு. இவர் கிருமிக்கு மாத்திரை கேக்கல, அதான் ஊசி. இருந்திருந்தா மாத்திரையே குடுத்திருப்பேன்."

முதல் பத்து நாள் ஊசி மருத்துவமனையிலேயே போனது. முதல் டோஸை வீட்டில் போடக் கூடாது. ஒவ்வாமை வந்தால் அங்கே சமாளிக்க முடியாது. புறப்படும் முன் வலது மேல் கையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகினார்கள். பிக் லைன் என்று அதற்குப் பெயர். அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் வரை போகும். வாரக்கணக்கில் இருக்கலாம், தினம் தினம் குத்த வேண்டாம். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, குளிக்கும்போது தண்ணீர் படக் கூடாது.

வீட்டில் சிஸ்டர் செய்ததைப் பார்த்தால் ஒரு பூஜை மாதிரி இருக்கும். முதலில் கை கழுவுவார். கையுறை போடுவார். குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, அது காயும் வரை காத்திருப்பார். கொஞ்சம் சலைன் செலுத்தி அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்வார். பிறகு அப்போதுதான் சலைனில் கலந்த மருந்து, அரை மணி நேரம் சொட்டும். மாமரக் கிளையில் பாட்டில் தொங்கட்டுமே என்று பெரியவர் ஆசைப்பட்டார். "அண்ணாச்சி, மரத்துல எறும்பு, பறவை எச்சம் எல்லாம் இருக்கு. திண்ணைக்கு வாங்க" என்று முடித்துவிட்டார் சிஸ்டர். முடிந்ததும் மறுபடி சலைன். அதன் பிறகு கால் புண்ணைத் திறந்து பார்த்து, புதுத் துணி கட்டுவார். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணி. "நம்மூர்த் துணிதான், நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்பார் பெரியவர். "இறுக்கினா ரத்தம் ஓடாது" என்பார் சிஸ்டர்.

மருந்து ஏறி முடிந்த பிறகுதான் அந்த அம்மாள் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழிப்பார்.

முதல் இரண்டு வாரம் சிஸ்டர் வந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு. ஒரு நாள் நாலரைக்கே பளியர் குடியிருப்பிலிருந்து காய் பறிக்க வரும் இளைஞர் ஓடி வந்தார். "பெரிய உருப்படி ஒண்ணு, குட்டியோட ரெண்டு. ரோட்டோரம் தென்னையில நிக்குது. யாரையும் இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லுங்க." செண்பகத்தோப்புக்கு மேலே இருப்பது 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம்; 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக ஆனது. யானை அங்கே குடியிருக்கிறது. மனிதர்தான் வழி விட வேண்டும்.

அந்த அம்மாள் கிணற்று மேட்டுக்கு ஓடி சிஸ்டருக்குப் போன் போட்டார். சிஸ்டர் டாக்டருக்குப் போட்டார். "உயிரைப் பணயம் வச்சு யாரும் போக வேணாம். விடிஞ்சதும் போடுங்க. விட்டதுக்குச் சேத்து ரெண்டு மடங்கா மட்டும் போட்டுடாதீங்க. கடைசில ஒரு நாள் கூட்டிக்கலாம். இனிமே நேரத்தைக் காலைக்கு மாத்திடுங்க" என்றார் டாக்டர். அன்றைக்கு நாள்காட்டித் தாள் கிழியவில்லை. 42 என்பது 43 ஆனது. ஐந்து மணி, பத்து மணி ஆனது.

வாரம் ஒரு தடவை சிஸ்டர் ரத்தம் எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் லேபுக்குக் கொண்டுபோவார். மூன்றாவது வாரம் சிறுநீரக அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது. கால் கடுக்கிறதென்று பெரியவர் பெட்டிக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அதை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் அளவு இறங்கியது. அந்தப் பரிசோதனை இல்லாமல் ஊசி மட்டும் போய்க்கொண்டிருந்தால் கால் பிழைத்து, சிறுநீரகம் கெட்டிருக்கும்.

உண்மையான சோதனை நான்காவது வாரம் வந்தது. புண் காய்ந்துவிட்டது. வீக்கம் இல்லை. மாங்காய் வியாபாரி லாரி அனுப்புகிறேன் என்றார். பெரியவர் சிஸ்டரிடம், "போதும் சிஸ்டரம்மா. ஆறிருச்சு. இந்தக் குழாயை எடுத்து விடுங்க. எனக்கு வேலை கிடக்கு" என்றார்.

மனைவி பேசவில்லை. இதே வார்த்தையை அவர் முன்பு இரண்டு தடவை கேட்டிருக்கிறார், கடை மாத்திரையை நிறுத்தியபோது.

சிஸ்டர் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "அண்ணாச்சி, மாமரத்துல தண்டுத் துளைப்பான் விழுந்தா பட்டை எப்படி இருக்கும்?"

"பட்டை நல்லாத்தான் இருக்கும். உள்ள குடைஞ்சிட்டுப் போகும்."

"அப்ப வெளிய பட்டை நல்லா இருக்குன்னு மருந்து ஊத்தாம விடுவீங்களா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. தோப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

தோல் ஆறுவது கண்ணுக்குத் தெரியும். எலும்பு ஆறுவது தெரியாது. எலும்புக்குள் ரத்த ஓட்டம் குறைவு, மருந்து மெல்லத்தான் போய்ச் சேரும். நடுவில் விட்டால், மிச்சமிருக்கும் கிருமி இன்னும் முரடாகித் திரும்பும். அடுத்த முறை விரலோடு நிற்காது. மருத்துவமனையில் இருந்தால் நிறுத்தச் சொல்ல அவருக்குத் துணிவு வந்திருக்காது. வீடு தரும் சுதந்திரத்தில் இந்த ஆபத்தும் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியென்றால் எங்கள் தெருவில் ஒருவர் பாட்டில் ஏற்றுவாரே, அவரையே கூப்பிடலாமே' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அசதி என்றால் ஒரு பாட்டில், காய்ச்சல் என்றால் ஓர் ஊசி என்பது வேறு. இது வேறு. இங்கே கிருமியின் பெயர் தெரியும். மருந்து, அளவு, முடியும் தேதி எல்லாம் தாளில் எழுதியிருக்கும். கூப்பிட்டால் எடுக்கிற டாக்டர் இருப்பார். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், குழாய் போட்ட கையில் வீக்கம், சிவப்பு, வலி, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், கடுமையான வயிற்றுப்போக்கு என்று எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அந்த வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் 108.

படித்த செவிலியர்தான் எப்போதும் வேண்டுமா? மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவிய பச்சிளம் குழந்தைகளுக்கு வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசி போட அந்தப் பெண்கள் கற்றார்கள். 1999-ல் வெளியான அவர்கள் ஆய்வில், அந்தக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் இறப்பு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. அது தசையில் போடும் ஊசி. நரம்பு ஊசியை விட எளிது. ஆனாலும் அங்கேயும் பயிற்சி, எழுதி வைக்கும் பதிவேடு, வந்து சரிபார்க்கும் மேற்பார்வையாளர் எல்லாம் இருந்தன.

கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. ஒரு நாள் சிஸ்டர் மருந்தைத் தொங்கவிட்டு, அந்த அம்மாளிடம் கேட்டார். "அக்கா, நீங்க எப்படி இருக்கீங்க?"

அவர் கொஞ்சம் திகைத்துப் போனார். அத்தனை நாளில் யாரும் கேட்டதில்லை. "ஆஸ்பத்திரியில இருந்தா ராத்திரி காய்ச்சலான்னு நர்ஸ் பாப்பாங்க. இங்க நான்தான் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன். தூக்கமே இல்ல சிஸ்டர்" என்றார். தங்கை மகள் வளைகாப்புக்குக்கூட அவர் போகவில்லை.

மருத்துவமனைக் கட்டில் காலியாகும்போது, அதன் வேலையில் பாதி வீட்டுப் பெண் தலையில் இறங்குகிறது. வீட்டுச் சிகிச்சை மலிவு என்று சொல்லும்போது அவருக்கு யாரும் கூலி போடுவதில்லை. அன்று சாயங்காலம் சிஸ்டர் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் மகளுக்குப் போன் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மகள் வந்து அப்பாவோடு இருந்தார். அம்மா பஸ் ஏறி ஆண்டாள் கோயிலுக்குப் போய், பிரகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கண் மூடி, வீட்டுக்குப் பால்கோவா வாங்காமல் திரும்பினார். சர்க்கரைக்காரர் வீடு.

43-ம் நாள். ஊசி முடிந்தது. மறுநாள் மதுரையில் குழாயை உருவி எடுத்தார்கள். ஒரு சொட்டு ரத்தம், ஒரு சின்னப் பிளாஸ்திரி, அவ்வளவுதான். டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விரலின் பாதி போய்விட்டது, பாதம் தங்கிவிட்டது. இனிமேல் செருப்பில்லாமல் தோப்புக்குள் இறங்கக் கூடாது, தினம் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து வர வேண்டும் என்றார்.

அதற்கு மறுநாள் பத்து மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் இல்லை. பழக்க தோஷத்தில் அந்த அம்மாள் அடுப்பை அணைத்துக் கையைக் கழுவிவிட்டார். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"இந்தா, அந்தக் காலண்டர்ல தாளைக் கிழிச்சியா?"

"இனி காலையிலேயே கிழிச்சிருவேன்" என்றார் அவர். பிறகு செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தார்.